எங்கள் மகளை நாங்கள் தத்தெடுத்தது

என் மனைவி காலமாகிப் பதினொரு மாதங்கள் ஆகின்றன. அவர் இருந்தவரை இதை எழுத எனக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டு தடவை தொடங்கியிருக்கிறேன். இரண்டு தடவையும் அவர் முதற்பக்கத்தை வாசித்துவிட்டு, "இது மனு மாதிரி இருக்கு. ஆரிட்ட என்ன கேக்கிறியள்?" என்று திருப்பித் தந்தார். நாற்பது ஆண்டுகளாகத் திருகோணமலையில் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் இருந்தவனுடைய எழுத்து வேறு எப்படி இருக்கும்? இப்போது நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவர் ஒரு பிள்ளைக்குத் தாயானது எவ்வாறு என்பதை, நடந்த ஒழுங்கில், கூட்டாமலும் மறைக்காமலும் எழுதி முடிப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.

எங்களுடைய முதற்பிள்ளை ஆண். திருமணமாகி மூன்றாம் வருடம், ஒரு முற்பகலில் மனைவிக்கு நோவு கண்டது. அன்று நகரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு, வீதிகள் மூடப்பட்டிருந்தன. எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. போய்ச் சேர ஐந்து மணித்தியாலங்கள் எடுத்தன. பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. கருப்பை கிழிந்திருந்ததால் அதையும் அகற்ற வேண்டியதாயிற்று. அறுவை செய்த வைத்தியர் வெளியே வந்து என்னிடம் மூன்று விடயங்களைச் சொன்னார்: பிள்ளை தப்பவில்லை, தாய் தப்பிவிட்டார், சூலகங்கள் இரண்டும் சேதமில்லாமல் இருக்கின்றன. மூன்றாவதை அவர் எதற்காகச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. மனைவி கண் விழித்தபோது முதல் இரண்டையும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாவதைச் சொன்னேன். வேறு சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அதன் பின்னர் ஒன்பது வருடங்கள் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. மனைவி தபால் கந்தோருக்குப் போய்வந்தார். நான் நீதிமன்றத்துக்குப் போய்வந்தேன். சமாதானப் பேச்சு தொடங்கித் துவக்குச்சூடு ஓய்ந்திருந்த காலத்தில், பல்வைத்தியரின் அறையில் கிடந்த இந்திய வாரஇதழ் ஒன்றை மனைவி கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்த ஒரு கட்டுரையை என் மேசையில் விரித்து வைத்தார். ஒரு பெண்ணின் சூல்முட்டையை எடுத்து, கணவனின் வித்தோடு ஆய்வுகூடத்தில் கருவாக்கி, இன்னொரு பெண்ணின் கருப்பையில் வைத்து வளர்ப்பதைப் பற்றிய கட்டுரை. 'வாடகைத் தாய்' என்று தலைப்பு.

"சூலகம் ரெண்டும் இருக்கு எண்டு அந்த டொக்டர் ஏன் சொன்னவர் எண்டு இப்ப விளங்குது," என்றார்.

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய இருந்த காலம் அது. அவர்களில் ஒருவரை ஏன் எடுக்கவில்லை என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. அதற்கு நியாயமான பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மனைவியிடம் இருந்தது. "அதை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. இதை ஒருக்கால் பாக்காமல் விட ஏலாது எண்டுதான் சொல்லுறன்." அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. காலம் அதிகமில்லை என்பதைச் சென்னை வைத்தியரும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

மனைவிக்கு ஒரே தங்கை. குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சானில், வயலும் மாடும் உள்ள ஒருவரைக் கட்டி இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். மாதம் ஒருமுறையாவது மூதூர்ப் படகில், லோஞ்சியில் ஏறி, தயிர்ச்சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். அந்தத் தடவை வந்தபோது கட்டுரை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. சோற்றைப் பிசைந்தபடியே தலைப்பை வாசித்தாள்.

"வாடகைக்கோ? ஆரை வாடகைக்கு எடுக்கப் போறியள்?"

"சென்னையில ஆக்கள் இருக்கினமாம்," என்றார் மனைவி.

"நான் இருக்கேக்க சென்னையில என்னத்துக்கு? ரெண்டு பெத்தனான். ரெண்டும் ஒரு சிக்கலும் இல்லாமல். என்ர வயிறு சும்மாதானே கிடக்கு."

"விசர்க்கதை கதையாதை. உன்ர மனுசன் விடுவாரே?"

"தாரா முட்டையைக் கோழியிட்ட அடைவைக்கேக்க சேவலிட்டக் கேட்டோ வைக்கிறம்?"

மனைவி சிரிக்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தங்கை என்னைப் பார்த்து, "அத்தான், நான் பகிடிக்குச் சொல்லேல்லை," என்றாள். நான் அவளிடம் ஒன்றைக் கேட்டேன்: பத்து மாதம் சுமந்த பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? "பொரிச்ச குஞ்சு தாராதானே அத்தான். கோழிக் குஞ்சு ஆகாதே," என்றாள்.

மறுவாரம் அவளுடைய கணவரும் கூடவே வந்தார். வெயிலில் கறுத்த, அதிகம் கதையாத மனிதர். கதைத்தால் அதில் ஒரு குத்து இருக்கும். மனைவி சொன்னதை முடிவுவரை கேட்டார். பிறகு தன் மனைவியின் பக்கம் திரும்பி, "தாராக் குஞ்சு தண்ணிக்குள்ள இறங்கேக்க கோழி கரையில நிண்டு கத்தும். அதையும் அக்காவுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டார்.

"கத்தினால் கத்தட்டும். பிறகு தன்ர பாட்டுக்கு மேயப் போகும்," என்றாள் அவள்.

அவர் சம்மதித்தார். அவருடைய சம்மதத்தை நான் எழுத்தில் கேட்டேன். அங்கேதான் என் பிழை தொடங்கியது.

அப்படியொரு உடன்படிக்கையை ஏற்கும் சட்டம் எங்கள் நாட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். எந்த நீதிமன்றத்திலும் நிற்காத காகிதம். இருந்தும், எழுதாத ஒன்றை நம்பி ஒரு காரியத்தில் இறங்க என் பயிற்சி என்னை விடவில்லை. இந்த விடயத்துக்கு மாதிரிப் படிவம் எதுவும் கிடையாது. ஆகவே, வாழ்நாளில் நான் அதிகம் எழுதிய குத்தகை உறுதிப் பத்திரத்தை எடுத்து, அதன்மேல் கட்டினேன். முதலாம் திறத்தவர், இரண்டாம் திறத்தவர், காலவரை, இடையில் முறிக்க இயலாமை, பிள்ளையை ஒப்படைக்கும் முறை. பதினொரு வாசகங்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் நால்வரும் மேசையைச் சுற்றி இருக்க, உறுதி வாசிக்கும் குரலில் வாசித்தேன். ஒன்பதாம் வாசகம் இப்படி இருந்தது: 'மேற்படி காலம் முடிவுற்றதும், நியாயமான தேய்மானம் நீங்கலாக, முன்னிருந்த நிலையிலேயே உரிமையாளரிடம் மீள ஒப்படைத்தல் வேண்டும்.' குத்தகைக் கடைகளுக்காக ஆயிரம் தடவை எழுதிய வரி. கை தானாக எழுதியிருக்கிறது. கண்ணும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

வாசித்து முடித்துத் தாளை மேசையில் வைத்தேன். பிறகு தங்கையின் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, தரேக்க வெள்ளையடிச்சுத் தருவியளோ?"

தங்கை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. மனைவி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சிரித்து ஓய்ந்த பிறகு தங்கை காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைவரை படித்தவள். முடிவுவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத்தான், நான் செத்தா எண்டு இதில ஒண்டும் இல்லையே."

அவளுடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு பொருள் குறைகிறது என்று கடைக்காரனிடம் சொல்வது போலவே சொன்னாள். பிள்ளை நோயோடு பிறந்தால், இரட்டையாகப் பிறந்தால், எங்கள் இருவரில் ஒருவர் இறந்தால் என்பதற்கெல்லாம் நான் வாசகம் எழுதியிருந்தேன். அவள் இறந்தால் என்பதற்கு எழுதியிருக்கவில்லை. நாலு சுவர் உள்ள கடைக்குச் சாவு இல்லை; அதனால் அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. ஒரு பிள்ளைப்பேற்றில் தன் மனைவியைச் சாவின் வாசலில் பார்த்த ஒருவன் அதை மறந்தான் என்பதை நான் இன்றும் எனக்கு விளக்கிக்கொள்ள முயல்வதில்லை. அது நடந்தது, எழுதுகிறேன்.

மனைவி பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "புதுத் தாள் எடுங்கோ. முதலாவதா எழுதுங்கோ: ரெண்டு உயிரில ஒண்டைத்தான் காப்பாத்தலாம் எண்டு வந்தா, தங்கச்சியை."

"அக்கா..." என்றாள் தங்கை.

"நீ பேசாமல் இரு. எழுதுங்கோ."

எழுதினேன். எழுதும்போது அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. இரண்டாவதாக, தங்கைக்கு ஏதும் நேர்ந்தால் அவளுடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பும் வளர்ப்பும் எங்கள் பொறுப்பு என்று எழுதினேன். மூன்றாவது வாசகத்தைத் தங்கை சொன்னாள். "வாடகை எண்ட சொல்லை எங்கையும் போடாதைங்கோ. நான் வாடகைக்கு இல்லை, அடைக்கு." அந்தத் தாள் மூன்று வாசகங்களோடு முடிந்தது. என் தொழிலில் நான் எழுதிய மிகச் சிறிய உறுதி அதுவே. அதில் ஒப்படைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

சென்னையில் ஆறு வாரம் இருந்தோம். மனைவி தினமும் ஊசி போட்டுக்கொண்டார். வயிறு முழுவதும் நீலம் பாரித்திருந்தது. முதல் நாள் தாதி பெயர் பதியும்போது, "இதுல அம்மா யாருங்க?" என்று கேட்டாள்; சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். "சிலோன்காரங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் ஒரு தாளுக்குப் பதிலாக இரண்டு தாள்களை எடுத்தாள். நான்கு கருக்கள் உருவாயின. இரண்டை வைத்தார்கள். ஒன்று நின்றது.

ஊர் திரும்பியதும் தங்கை கட்டைபறிச்சானுக்குப் போய்விட்டாள். வயலையும் பிள்ளைகளையும் விட்டு ஏழு மாதம் நகரத்தில் இருக்க அவளால் ஏலாது. லோஞ்சியில் வரும் தெரிந்தவர்களிடம் சீட்டுக் கொடுத்து அனுப்புவாள். 'அக்கா, உன்ர பிள்ளைக்கு விளாங்காய் வேணுமாம்.' 'அக்கா, உன்ர பிள்ளை என்னை ராவில் நித்திரை கொள்ள விடுறதில்லை, நல்லா ஏசு.' மனைவி அந்தச் சீட்டுகளைக் கந்தோருக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பார் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். விளாங்காய் தேடிச் சந்தை முழுவதும் நடந்தது நான்.

பிறகு சமாதானம் பெயரளவில் மட்டும் நின்ற மாதங்கள் வந்தன. குடாவுக்கு மேலாக எறிகணைகள் போகும் ஓசை நகரில் கேட்கத் தொடங்கியது. லோஞ்சி ஒரு நாள் ஓடும், இரண்டு நாள் ஓடாது. தங்கைக்கு ஏழாம் மாதம். மனைவி கந்தோரில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நான் நீதிமன்றத்திலிருந்து திரும்புவதற்கு முன்னரே லோஞ்சி ஏறிவிட்டார். மேசையில் ஒரு குறிப்பு இருந்தது: 'கூட்டிக்கொண்டுதான் வருவன்.' மூன்றாம் நாள் காலை லோஞ்சி வருகிறது என்று கேள்விப்பட்டு இறங்குதுறைக்குப் போனேன்.

சோதனைச்சாவடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்த்தேன். மனைவி முன்னால், தங்கை அவருக்குப் பின்னால், இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்தபடி. கணவர் வரவில்லை, மாடுகளை அவிழ்த்துவிட்டு அடுத்த லோஞ்சியில் வருவதாகச் சொல்லியிருந்தார். கர்ப்பிணிகளைத் தனியாகச் சோதிப்பார்கள். வயிற்றில் வேறு பொருள் கட்டிக்கொண்டு போனவர்களும் அந்த வருடங்களில் இருந்ததால், அதற்கு ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. கடமையில் நின்ற இளம் பொலிஸ் பெண் தங்கையின் வயிற்றில் இரு கைகளையும் வைத்து அழுத்திப் பார்த்தாள். அழுத்தம் கூடியிருக்க வேண்டும். மனைவி இடையில் புகுந்து, கந்தோரில் பழகிய சிங்களத்தில், "மெல்ல. மகே தருவா," என்றார். என்னுடைய பிள்ளை.

அந்தப் பெண் முதலில் மனைவியின் தட்டை வயிற்றைப் பார்த்தாள், பிறகு தங்கையின் வயிற்றை. மனைவிக்குச் சிங்களம் சரியாக வரவில்லை என்று நினைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் திருத்துவது போல அன்பாகத் திருத்தினாள்: "நங்கிகே தருவா." தங்கையின் பிள்ளை.

"இல்லை," என்றார் மனைவி. "மகே."

"அக்கா, வாயை மூடு. ரெண்டு பேரையும் உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்," என்று தங்கை பல்லுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

இளம் பெண்ணின் முகம் மாறிவிட்டது. தமிழ் தெரிந்த மூத்த காவலர் ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, "இந்த அம்மா என்ன சொல்றாங்க? யார் பிள்ளை?" என்று கேட்டார். தங்கை ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"ஐயா, அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பிறந்தது செத்துப் போச்சு. அதுக்குப் பிறகு என்ர பிள்ளையளை எல்லாம் தன்ர எண்டு சொல்லிக்கொண்டு திரியிறா. நீங்கள் ஒண்டும் நினையாதைங்கோ."

அவர் அதை மொழிபெயர்த்தார். இளம் பெண் மனைவியின் தோளைத் தொட்டு, ஏதோ மெதுவாகச் சொல்லி, பையையும் திறக்காமல் விட்டுவிட்டாள். மனைவி தடுப்பைத் தாண்டி வந்து என்னருகில் நின்றார். முச்சக்கரவண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தோம். தங்கை அழுதுகொண்டே வந்தாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் மனைவி, "நீ சொன்னது சரி. எங்களை விட வேணுமெண்டா அப்பிடித்தான் சொல்ல வேணும்," என்றார். படலையை மூடும்போது, "நான் சொன்னதும் பிழை இல்லை," என்றார்.

அடுத்த லோஞ்சி ஓடவில்லை. சில நாட்களில் அக்கரை முழுவதும் இடம்பெயர்ந்தது. தங்கையின் கணவர் வெருகல் பக்கம் போனவர்களோடு போயிருக்கலாம் என்றார்கள். போயிருக்கலாம் என்பதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

பிள்ளைப்பேற்றுக்கு நாள் குறித்திருந்த வாரத்தில், நான் மனைவியிடம் ஒரு யோசனை சொன்னேன். சகோதரிகள் இருவருக்கும் ஒரே சாயல். அடையாள அட்டையிலுள்ள படங்களில் யாரையும் யாராகவும் கொள்ளலாம். தங்கையை என் மனைவியின் பெயரில் ஆஸ்பத்திரியில் அனுமதித்தால், பிறப்புப் பதிவில் தாயென்று மனைவியின் பெயர் தானாக விழும். தகப்பனென்று என் பெயர் விழும். எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஒரே ஒரு பொய்யோடு. மாற்று வழியின் நீளம் எனக்குத் தெரிந்திருந்தது. சட்டத்தில், பெறுகிறவளே தாய். அவளை மணந்தவரே தகப்பன். எங்கள் பிள்ளைக்கு நாங்கள் இருவரும் அந்நியர்கள் ஆவோம்.

நான் பேசி முடிக்கும்வரை மனைவி காத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியில அவளுக்கு ஏதும் நடந்தா? என்ர பேரிலயோ அவள் சாகிறது? அவளின்ர பிள்ளையளுக்குத் தாய் செத்த கடுதாசிகூட இராது."

"ஒண்டும் நடவாது."

"அண்டைக்கும் நீங்கள் இதைத்தான் சொன்னனீங்கள். ரோட்டைத் திறப்பினம், ஒண்டும் நடவாது எண்டு." அதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை. "அவள் தன்ர பேரில போகட்டும். நான் நேர் வழியால தாயாகிறன். எவ்வளவு காலம் எடுத்தாலும் சரி."

தங்கை தன் பெயரில் போனாள். அறுவை தேவைப்படவில்லை. ஒரு காலைப்பொழுதில் பெண்பிள்ளை பிறந்தது, இருவரும் நலம். பிள்ளையின் கையில் கட்டிய நாடாவில் தங்கையின் பெயர் இருந்தது. மனைவி நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினார். 'அவ பெரியம்மாவோ?' என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டதற்கு, 'ஓம்' என்று தங்கை சொல்ல, 'இல்லை' என்று மனைவி சொல்ல, அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த துடக்கு நாட்கள் முப்பத்தொன்றையும் சகோதரிகள் இருவருமே காத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக் கறியை மனைவி ஒரே சட்டியில் காய்ச்சி, இரண்டு கோப்பைகளில் வார்த்து, தானும் குடித்தார். "உனக்கென்னத்துக்கு அக்கா, எங்கை புண்?" என்று தங்கை கேலி செய்தாள். மனைவி கோப்பையைக் கழுவி வைத்தார். பாலைத் தங்கை கொடுத்தாள். மற்ற எல்லாவற்றையும் மனைவி செய்தார். பால் கொடுத்து முடித்ததும் தங்கை பிள்ளையை நீட்டுவாள், மனைவி வாங்குவார். அந்த நீட்டலுக்கும் வாங்கலுக்கும் இடையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள் என்பதை நான் கவனித்தேன்.

தத்தெடுப்பு மனுவை நான் வரைந்தேன். எனக்குப் பழக்கமான ஒரு சட்டத்தரணி எங்களுக்காக நீதிமன்றத்தில் தோன்றினார். மனுதாரர்கள்: நானும் மனைவியும். பெற்றோர்: தங்கையும் அவளுடைய கணவரும். இருவருடைய சம்மதமும் வேண்டும். அதாவது, எங்கள் மகளுக்கு நாங்கள் பெற்றோராவதற்கு, உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத ஒரு மனிதர் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். அவர் இறந்துவிட்டார் என்று ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் காரியம் விரைவாகும் என்று ஒருவர் சொன்னார். தங்கை இருந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் உச்சரிக்கவே இல்லை. மனைவி ஒவ்வொரு நாளும் கந்தோர் முடிந்து, இடம்பெயர்ந்தவர்களின் பட்டியல் ஒட்டும் இடங்களுக்குப் போய், ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டு வந்தார். தன் வழக்குக்காகப் போனாரா, தங்கைக்காகப் போனாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார்.

பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் தங்கையின் கணவர் வந்து சேர்ந்தார். மட்டக்களப்புப் பக்கமாகச் சுற்றி, முகாமுக்கு முகாம் மாறி, பாதி உடம்பாக வந்திருந்தார். தன் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அதன் பிறகு நான் காகிதங்களை எடுத்து நிலைமையை விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்ப சட்டப்படி உங்கட பிள்ளைக்கு நான்தான் தகப்பன் எண்டுறியள்," என்றார்.

"ஓம்."

"அண்ணை, இவ்வளவு பெரிய உபகாரம் செய்திருக்கிறன், ஒரு பிளேன்ரீ கூடத் தரேல்லை நீங்கள்."

தங்கை அன்றுதான் மீண்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

விசாரணை நாளில் பிள்ளை மனைவியின் மடியில் இருந்தது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை நல்லதாக இருந்தது. தங்கையின் கணவர் கூண்டில் ஏறிச் சம்மதம் சொல்லி இறங்கினார். அடுத்து தங்கை. எங்கள் சட்டத்தரணி அவளிடம் மனுவில் உள்ளபடி கேட்டார்: இந்தப் பிள்ளை உங்களுடைய பிள்ளை; இவளை மனுதாரர்களுக்குத் தத்துக் கொடுக்க நீங்கள் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறீர்களா?

"இது என்ர பிள்ளை இல்லை, ஐயா," என்றாள் தங்கை. "அக்காவின்ர பிள்ளை. குடுக்கிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்லை."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் காட்டி, "இதிலே தாயென்று இருப்பது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

"பேர் என்ரதான். பிள்ளை அவவின்ர."

"அம்மா, நீங்கள் பெற்ற பிள்ளையென்று நீங்கள் சொல்லாவிட்டால், அதைக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதென்று நான் எப்படிப் பதிவது?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் எவ்வளவோ தடவை இதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவள் மறக்கவில்லை. அவளுக்கு வாய் வரவில்லை. சென்னையில் தொடங்கி அன்றுவரை, இறங்குதுறையில் உயிருக்குப் பயந்த அந்த ஒரு கணத்தைத் தவிர, அவள் 'என்ர பிள்ளை' என்று வாய்திறந்து ஒரு தடவையும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் இருப்பதில்தான் அவள் பத்து மாதத்தையும் கடந்திருந்தாள் என்பதை நான் அங்கே, அந்தக் கதிரையில் இருந்தபடிதான் விளங்கிக்கொண்டேன். சட்டம் அவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். நீதிபதி பேனாவை வைத்துவிட்டார். வழக்கைத் தவணை போட்டால் அடுத்த தவணைக்குள் நகரில் என்ன நடக்கும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம்.

மனைவி பிள்ளையோடு எழுந்து நின்றார். அது முறையில்லை. எங்கள் சட்டத்தரணி கையைக் காட்டினார்; மனைவி அமரவில்லை.

"தங்கச்சி," என்றார். "உன்ர பிள்ளை எண்டு சொல்லு."

"ஏலாது அக்கா."

"நீதானே பெத்தனி. நீ பெத்த பிள்ளை. பயப்பிடாமல் சொல்லு. எனக்கு ஒண்டும் குறையாது."

நீதிமன்ற உத்தியோகத்தர் அவரை இருக்கச் சொன்னார். நீதிபதி கையை உயர்த்தி உத்தியோகத்தரைத் தடுத்தார். தங்கை கூண்டின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்ர பிள்ளை," என்றாள். "நான் பெத்தனான். அக்காவுக்குக் குடுக்கிறன்."

மூன்று வாக்கியங்களும் பதிவாயின. பன்னிரண்டு மணிக்கு முன்னர் தத்தெடுப்புக் கட்டளை கிடைத்தது. மனைவி கையொப்பமிட்டார், அவருடைய கையொப்பம் வழமைபோலச் சிறியதாகவும் தெளிவாகவும் இருந்தது. அவருக்குக் கீழே நான் இட்டேன்.

வெளியே வந்ததும் பிள்ளை பசித்து அழத் தொடங்கியது. தங்கை சற்றுத் தள்ளித் தூணோடு நின்றாள், இனித் தன்னிடம் கேட்கமாட்டார்கள் என்பது போல. தோள்பையில் பால்மாப் போத்தல் இருந்தது. மனைவி காலையிலேயே கரைத்து வைத்திருந்தார். அவர் அதைத் திறக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய்த் தங்கையின் கையில் கொடுத்து, "பிள்ளைக்குப் பசிக்குது. நீ குடு," என்றார். தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தார். பிறகு மனைவி தன் சேலைத் தலைப்பை விரித்து, வழியால் போகிறவர்களுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பிள்ளை குடித்து முடியும்வரை அப்படியே நின்றார்.